சிட்டிகையக்காவின் நாக்கு

என் தையல் மெஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். வருகிறவர்களிடம் வெளிச்சத்துக்காக என்று சொல்வேன். உண்மையில் எதிரே இருக்கும் நாட்டு மருந்துக் கடையைப் பார்க்காமல் எனக்கு வேலை ஓடாது. தெரு அப்படியொன்றும் அகலமில்லை. அங்கே யாராவது தும்மினால் இங்கே கேட்கும். அந்தக் கடைக்காரியைத் தெருவில் எல்லோரும் சிட்டிகை என்றுதான் சொல்வார்கள். நேரில் பேசும்போது மட்டும் ஓர் அக்கா சேரும்.

யாருக்கு என்ன கொடுத்தாலும், பொட்டலம் மடிப்பதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, வாங்குகிறவர் கண்ணெதிரே தன் நாக்கில் போட்டுக்கொள்வாள். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். போட்டுக்கொண்டு அரை நிமிஷம் சும்மா நிற்பாள். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள். காரம் புதுசு என்பாள், வாசம் நிக்குது என்பாள். சில நாள் முகத்தைச் சுளித்து, பழசாயிடுச்சு, வேணாம், புதுச் சரக்கு வந்ததும் வாங்க என்று சொல்லி ஆளையே திருப்பி அனுப்பிவிடுவாள். இப்படியும் ஒருத்தி வியாபாரம் செய்வாளா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மாமனார் படுத்த படுக்கையானதும் கடை அவள் தலையில் விழுந்தது. புருஷன் லிப்ட் மெக்கானிக். மேலே போகும், கீழே வரும், நடுவில் நின்றால் நான் வருவேன், அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். வயசில் சின்னவளாக ஒருத்தி கல்லாவில் உட்கார்ந்ததும் ஆளாளுக்கு நாட்டாமை பண்ண ஆரம்பித்தார்கள். முடிவெட்டுகிறவர் ஒரு நாள் சீரகப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பலகையில் வீசி, பூச்சி அரிச்ச சரக்கைக் குடுத்து ஆளைக் கொல்லப் பாக்கிறியா என்று கேட்டார். சிட்டிகை பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வாய் அள்ளிப் போட்டு, மென்று விழுங்கினாள். "நான் தின்னுட்டேன். இப்ப நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவர் எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் அதையே வழக்கமாக்கிக்கொண்டாள்.

சாயங்காலமானால் அந்த நாக்கு மரத்துப்போயிருக்கும். மஞ்சளும் கறுப்பும் ஏறி, என்ன நிறமென்றே சொல்ல முடியாது. வீட்டில் சமையல் புருஷன்தான். உப்புப் போட மறந்து வைத்தாலும் சாப்பிடுவாள், கை தவறி ரெண்டு தடவை போட்டு வைத்தாலும் சாப்பிடுவாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று அவன் என்னிடம் பெருமை அடித்துக்கொள்வான்.

கர்ப்பிணிகள் அந்தக் கடைக்கு வருவது தனி அழகு. நேராகப் பலகைக்கு வரமாட்டார்கள். ஓரமாக, மூட்டைகள் பக்கம் ஒதுங்கி நின்று, மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருப்பார்கள். பிறகு மெதுவாக, வயித்துக்கு ஒரு மாதிரி இருக்கு என்பார்கள். சிட்டிகை முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். டாக்டரைப் பார்த்தாச்சா என்பதுதான் முதல் கேள்வி. பார்க்கவில்லையென்றால் பொட்டலம் கிடையாது. மருந்து இங்கேதான் இருக்கும், ஓடிப்போயிடாது, பார்த்துட்டு வா என்று அனுப்பிவிடுவாள்.

பார்த்துவிட்டு வந்தவர்களுக்கும் அள்ளிக் கொடுத்துவிட மாட்டாள். குமட்டலுக்குக் கொஞ்சம் சுக்கு. வாயில் அடக்கிக்கொள்ள உலர்ந்த நெல்லி ஒரு துண்டு. கால் வீங்கினால், அதையும் டாக்டரிடம் காட்டியாச்சு என்று சொன்ன பிறகுதான், பார்லி. அவ்வளவே. மேல் வரிசையைக் காட்டி எச்சரிக்கையும் செய்வாள். கருஞ்சீரகம், கற்றாழைப் பொடி, அதிமதுரம் எல்லாம் அங்கே இருக்கும். பிள்ளை கைக்கு வர்ற வரைக்கும் இந்த வரிசைப் பக்கம் உன் நிழல்கூட விழக்கூடாது என்பாள். பிள்ளை பெற்றவளுக்கு என்று கருஞ்சீரகம் சேர்த்து இடித்த பொடி வேறு வைத்திருந்தாள். அதை வாங்க அந்தப் பெண்களின் அம்மாக்கள் வருவார்கள். பிறகு பிள்ளையையே தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். சிட்டிகை எட்டிப் பார்ப்பாள், தொடமாட்டாள். கையெல்லாம் மருந்து என்பாள்.

என் மகளும் அவளுடைய சுக்கில் வளர்ந்தவள்தான். வயிற்றில் இருக்கும்போது என்னைப் படாத பாடு படுத்தினாள். ஒரு நாள், தைத்து முடித்துத் தேய்த்து வைத்திருந்த வக்கீல் கோட்டின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். சிட்டிகை தெருவைத் தாண்டி வந்து, கோட்டை அலசிப் போட்டுவிட்டு, என் வாயில் நெல்லித் துண்டைத் திணித்தாள். அப்போதுதான் அவளும் முதல் தடவையாக உண்டாகியிருந்தாள். ரெண்டு பேருக்கும் ஒரே வயசில் பிள்ளைகள், ஒரே பள்ளிக்கூடம், ஒரே சண்டை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அவளுக்குத் தங்கவில்லை.

அந்தத் தடவை அவள் தன் வழக்கத்தை விடவில்லை. ஒரு சிட்டிகைதானே என்று மேல் வரிசைச் சரக்கைக்கூட வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சில வருஷம் கழித்து மறுபடி உண்டானபோது மேல் வரிசையை மட்டும் தொடவில்லை, மற்றதை ருசி பார்த்தாள். அதுவும் தங்கவில்லை. ரெண்டு தடவையும் நாள் தள்ளிப்போனதுமே தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள். அதனால் ரெண்டு தடவையும் தெரு முழுக்க வந்து துக்கம் விசாரித்தது. எனக்கு அனுதாபம் சொல்ல வராது, சொல்கிறவர்களைப் பார்த்தாலும் பிடிக்காது. ரெண்டாவது தடவை அவள் வீட்டில் சும்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் அவளுடைய நாத்தனார் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

"கண்டதையும் நக்கிப் பாக்கிற உடம்புல எது தங்கும்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். சிட்டிகை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கொண்டு வரச் சொன்னாள், குடித்தாள். எனக்குத்தான் அந்த நாத்தனாரின் வாயைச் சேர்த்துத் தைத்துவிடலாமா என்றிருந்தது.

பிறகு சிட்டிகை டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டாள். நீங்க சொல்ற ஒரு சிட்டிகை அளவை வச்சு அதனாலதான் ஆச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா அடுத்த தடவை எதையும் வாயில வைக்காம இருக்கிறதுதான் நல்லது என்றார்களாம். டாக்டரம்மா சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதில் சிட்டிகை பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை, நாற்பதைத் தாண்டிய பிறகு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் உண்டானாள். இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம்கூட. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தவர்களுக்குப் பொட்டலத்தை மடித்து அப்படியே நீட்டினாள். ஏன்க்கா என்று கேட்டவர்களிடம் வாய்ப்புண் என்றாள். வாய்ப்புண் என்றால் ஆறவேண்டுமே. ஆறவில்லை. ஊருக்கெல்லாம் வாய்ப்புண்ணுக்குப் பொடி கொடுக்கிறவளுக்கு அவள் வாய்ப்புண்ணை ஆற்றிக்கொள்ளத் தெரியாதா என்று சிலர் கிண்டல் செய்தார்கள். ஒன்றிரண்டு பேர் வேறு கடைக்குப் போனார்கள்.

சலவைக்கடைக்காரம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. மகளுக்குப் பிரசவமாகியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்கான பொடியை வாங்க வந்தார். சிட்டிகை மடித்து நீட்டியதும் கையைக் கட்டிக்கொண்டார். பச்ச உடம்புக்காரிக்குக் குடுக்கப் போறேன், நீ ஒரு வாய் பாத்துக் குடு, வாய்ப்புண்ணுக்கு ஒரு சிட்டிகையில ஒண்ணும் ஆயிடாது என்றார். சிட்டிகை மறுத்தாள். அவர் விடவில்லை. அப்போது கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். சிட்டிகை பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, உதடு வரை கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. பிறகு விரலைப் பொட்டலத்துக்குள் உதறிவிட்டு, துணியில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"வேணும்னா எடுத்துட்டுப் போங்கம்மா. என்னால முடியாது."

சலவைக்காரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் தன் கடைப் படியேறுவதற்குள் விஷயம் தெருமுனையைத் தொட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு கூத்து. இத்தனை வருஷம் அவளிடம் வாங்கித் தின்ற பெண்கள் எல்லோரும் வைத்தியச்சிகளாகிவிட்டார்கள். ஒருத்தி சுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, இவளிடமே வாங்கிய நெல்லியை இவளுக்கே டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். முடிவெட்டுகிறவர்கூட, தன் பெண்டாட்டி சொன்னாள் என்று ஏதோ ஒரு வேரைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்தார். சிட்டிகை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. இத்தனைக்கும் காலையில் கடையைத் திறந்ததும் பின்பக்கம் போய்க் குமட்டிவிட்டு வருவாள். கடையில் இருக்கிற நெடிக்கு நல்ல உடம்புக்காரிக்கே வயிறு புரட்டும். மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடையில் போட்டுக்கொள்ளும் பழுப்புக் கோட்டை ஒரு நாள் என்னிடம் கொண்டுவந்து, பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தித் தரச் சொன்னாள். நான் தைத்துக் கொடுத்த கோட்டுதான். எப்போதாவது தேவைப்படும் என்று உள்ளே துணி நிறைய விட்டுத்தான் தைத்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிரித்துக்கொண்டே, சுக்கு மட்டுமாவது எடுத்துக்கொள்ளேன், எனக்கு நீதானே கொடுத்தாய், என் மகள் குண்டுக்கல்லாக இருக்கிறாள் என்றேன்.

"உனக்குக் குடுத்தது வேற. எனக்கு எதுவும் வேணாம். அப்புறம் இதனாலயோ அதனாலயோன்னு நெனச்சுக்கிட்டே இருக்க என்னால முடியாது. இந்தத் தடவ நாக்கக் கட்டிட்டேன். தங்கட்டும்."

அவள் முகம் அன்றைக்கு வெளிச்சமாக இருந்தது. ஊரில் எல்லோருக்கும் மருந்து கொடுக்கிறவள் தனக்கு மட்டும் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதில் ஒரு நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தாள். நான் கோட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். தேவைக்கு மேலேயே தளர்த்தினேன்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்த ஒரு காலையில், லிப்ட் மெக்கானிக் ஒரு வாடகைக் காரைத் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். பிரசவத்துக்கு இன்னும் மாசக்கணக்கில் நாள் இருந்தது. சிட்டிகை தானே நடந்து வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி, கடைச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"பார்லி வெயில்ல காயுது. எடுத்து உள்ள வச்சிடு."

கார் போனது. நான் பார்லியை வாரி உள்ளே வைத்தேன். கீழே சிந்தியதையும் பொறுக்கிப் போட்டேன். கடையைப் பூட்டினேன். அப்புறம் என் கடைக்கு வந்து, அரைகுறையாக நின்ற ஒரு சட்டைக்கு மீதித் தையலையும் போட்டேன். அது நேராகத்தான் வந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

கடை பூட்டியே கிடந்தது. கேட்டவர்களிடம் லிப்ட் மெக்கானிக், சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கா என்றான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் வந்து, பல வருஷமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கடை ஷட்டருக்கு எண்ணெய் போட்டு, தேய்ந்துபோன உருளையை மாற்றிவிட்டுப் போனான். வேலை முடிந்த பிறகும் நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தான். சத்தமே இல்லை.

அதனால் அவள் கடை திறந்த காலையில் எனக்குக் கேட்கவில்லை. தலை நிமிர்ந்தபோது அவள் உள்ளே நின்று தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோட்டு உடம்பில் தொங்கியது. நான்தான் அதிகமாகத் தளர்த்தி வைத்திருந்தேனே. அதனால் வயிறு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தெருவில் எல்லோரும் ஏதோ வேலையாக வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒருவருக்கும் வாய் திறக்கத் தைரியமில்லை.

முதல் ஆளாகச் சலவைக்கடைக்காரம்மா போனார். பொடி தீர்ந்துவிட்டது என்றார். சிட்டிகை டப்பாவை இறக்கினாள். மேல் வரிசைச் சரக்கு சேர்ந்த அதே பொடி. நிறுத்தாள், காகிதத்தில் கொட்டினாள். மடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு சிட்டிகை எடுத்தாள். நாக்கில் வைத்தாள். அரை நிமிஷம் சும்மா நின்றாள்.

தெருவுக்கு வேறு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடிவெட்டுகிறவர் தன் கடைக்குள்ளே போய்விட்டார். சலவைக்காரம்மா காசை எண்ணாமலே பலகையில் வைத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கினார். வழக்கமாகச் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சிட்டிகை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பிரிச்சதைத் திரும்பப் பிடிச்சிடு, கதவுல மாட்டிக்குது என்றாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சில பேருக்கு அப்படித்தானாம், காரணம் இன்னதென்று சொல்ல முடியவில்லையாம். வேறு யாருடைய உடம்பைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு என் மேஜை மேல் கிடந்த பொத்தான்களை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

"இந்தத் தடவ ஒண்ணுமே வாயில வைக்கல. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"சுக்குகூட வைக்கல."

"தெரியும்."

"அப்ப நாக்கு இல்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் மேல் இல்லை, துணி மடித்துக்கொண்டே பேசிய அந்த நாத்தனார் மேல். இத்தனை வருஷமாக ஒருத்தி நெஞ்சில் ஆணி அடித்துவிட்டுப் போனவள் எங்கேயோ நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறாள். நாக்கு இல்லன்னு அவங்களக் கூப்பிட்டுச் சொல்லுக்கா, உன் மேல தப்பே இல்லன்னு இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல, இனியாவது நிம்மதியா இரு என்றேன். ஏதோ நல்ல சேதி சொல்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

சிட்டிகை பொத்தான்களை விட்டுக் கையை எடுத்தாள்.

"தப்பு என் மேல இருந்தப்ப, அத நிறுத்திட்டா சரியாயிடும்னு இருந்தேன். இப்ப நிறுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல."

நான் கோட்டை உட்பக்கமாகத் திருப்பி ஊசியால் குத்தி வைத்தேன். அவள் அழுதிருந்தால் திட்டியாவது இருப்பேன். ரெண்டு பேரும் அந்தப் பக்கத் தையலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எதிரே கடையில் ஒரு பெண் வந்து நின்றாள். போன் கடையில் வேலை பார்க்கிறவள், தெருவுக்குப் புதிது, சீருடையோடு வந்திருந்தாள். தெருக் கதை எதுவும் தெரியாது. பலகைக்கு வராமல் மூட்டைகள் ஓரமாக ஒதுங்கினாள். எனக்கு இங்கிருந்தே தெரிந்துவிட்டது. சிட்டிகைக்கும் தெரிந்துவிட்டது. நான் போய் நாளைக்கு வரச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவள் என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, கோட்டு இல்லாமலேயே தெருவைத் தாண்டிப் போனாள்.

அந்தப் பெண் வயித்துக்கு ஒரு மாதிரி இருக்கு என்றாள். டாக்டரைப் பார்த்தாச்சா என்று சிட்டிகை கேட்டாள். பார்த்தாயிற்று என்று அந்தப் பெண் தலையாட்டினாள், வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். சிட்டிகை நெல்லி ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைத்தாள். சுக்குப் பொடியைக் காகிதத்தில் கொட்டினாள். மேல் வரிசையைக் காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எல்லாம் வழக்கம்போலவே. பிறகு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண் இப்படி யாரும் செய்வதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆசையாக அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காரமா இருக்காக்கா?"

சிட்டிகை வாயை மூடிக்கொண்டு நின்றாள். அரை நிமிஷம் போயிற்று, ஒரு நிமிஷம் போயிற்று. நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அவள் இன்னொரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள், கொஞ்சம் பெரிய சிட்டிகையாகவே. மறுபடியும் நின்றாள். அப்போது பொழுது சாயக்கூட இல்லை, அவள் நாக்கு மரத்துப்போகிற நேரம் இல்லை அது.

"இருக்கும்" என்றாள். பொட்டலத்தை மடித்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.